குத்துச்சண்டைப் பழம்படங்களும் வன்குத்தர் புகழும்

ஒரு பாடலுக்குப் பத்துச் சுவடிகள் கிடைப்பினும், அவை அனைத்தும் பிழைபட்ட ஒரே மூலத்தினின்று படியெடுக்கப் பெற்றனவாயின் அவை பத்துச் சான்றுகள் ஆகா, ஒரு சான்றே ஆம் என்பதனை ஏட்டுச்சுவடி ஆராய்வார் நன்கு அறிவர். எஞ்சி நிற்பது எது என்று காண்பதோடு அமையாது, அஃது ஏன் எஞ்சிற்று, எஞ்சாதன எவ்வாறு மறைந்தன என்பனவற்றையும் வினவுதல் ஆராய்ச்சி நெறி. இந்நெறி ஏட்டிற்கே உரியதன்று. இயங்குபடச் சுருளும் ஒருவகை ஏடேயாகலின், அதற்கும் இது பொருந்தும். அதனைக் குத்துச்சண்டைப் பழம்படங்களைக் கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இப்படங்களைத் தேடித் தொகுத்து, ஒரே சுற்றினைப் பன்முறை ஓட்டிப் பார்த்துத் தம்முள் வழக்கிடும் சுவைஞர் பலர் உளர். அவர்தம் வழக்குகளுள் ஓயாது எழும் வினா ஒன்றுண்டு. குத்தின் வன்மையால் முதல் வரிசையில் வைத்தற்கு உரியராயிருந்தும் உலகத்தார் நினைவில் அவ்விடம் பெறாது போனோர் யாவர் என்பதே அது. இவ்வினாவிற்கு எமக்கு ஒரு விடை உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம். அதற்குமுன், படம் என்னும் சான்று எத்தன்மையது என்று காண்டல் வேண்டும்.

குத்துச்சண்டைப் படம் இயங்குபடக் கலையோடு உடன்பிறந்தது என்னலாம். 1894 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், நியூ செர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சு என்னுமிடத்தில் எடிசனது படப்பிடிப்புக் கொட்டகையில் மைக்கேல் லெனார்டு, ஜாக் குஷிங் என்னும் இருவர் பொருதது படமாக்கப் பெற்றது. அக்காலத்துப் படக்கருவி இடம்விட்டுப் பெயரும் இயல்பினதன்று. சண்டைக்களமோ சிறியது, நாற்புறமும் கயிற்றால் வரையறுக்கப்பட்டது, பொருவார் இருவரும் எல்லை கடந்து செல்லார். ஆதலின் பெயராத கருவிக்கு இதனினும் வாய்ப்பான பொருள் பிறிதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1897 மார்ச்சு 17 ஆம் நாள், நெவாடா மாநிலத்துக் கார்சன் நகரில் ஜேம்ஸ் கார்பெட்டும் பாப் பிட்சிம்மன்சும் உலகப் பட்டத்திற்குப் பொருதனர். ஏனோக் ரெக்டர் என்பார் 63 மில்லிமீட்டர் அகலச் சுருளில் அதனை எடுத்தார். அப்படம் ஓடிய நேரம் ஒன்றரை மணிக்கும் மிகுதி; இன்று எஞ்சியிருப்பது அதன் ஒரு பகுதியே. 14 ஆம் சுற்றில் பிட்சிம்மன்ஸ் கார்பெட்டின் மேல்வயிற்றில் இறக்கிய குத்து ஆட்டத்தை முடித்தது. வீழ்ந்து கொண்டிருந்தவரை முறைகேடாக மீண்டும் குத்தினார் என்று தோற்றவர் பக்கத்தார் கூறினராக, அவ்வழக்கினைத் தீர்த்தற்கு மக்கள் படத்தையே நோக்கினர். படத்தைச் சான்றாக்கும் வழக்கம் இவ்வாறு தொடங்கிற்று.

சான்று தோன்றியவுடனே பொய்ச்சான்றும் தோன்றுதல் உலகியல்பு. பிலடெல்பியா நகரத்துச் சிக்மண்டு லூபின் என்பார், உண்மைப் போர்க்களத்திற்குச் செல்லாமலே, ஆட்கள் இருவரை அமர்த்திச் செய்தித்தாளில் வந்தவாறே அவர்களை நடிக்கச் செய்து, அதனைப் போரின் படம் எனத் திரையிட்டார். இவ்வாறு அவர் செய்தன பல. ஏட்டில் இடைச்செருகல் போன்றது இது. இடைச்செருகலைச் சொல்லும் யாப்பும் காட்டிக்கொடுத்தல் போல, நடிப்புப் படத்தை அதிற் பொருவாரின் கால்கள் காட்டிக்கொடுக்கும். உண்மையில் அடிபட்டவன் கால் தளர்ந்து மடியும். நடிப்பவனோ விழுதற்கு முன்னரே விழுமிடம் பார்ப்பான்.

பொய்ப்படத்தை விலக்கிய பின்னரும் மற்றோர் இடர் உண்டு. பழம்படங்களிற் பொருவார் பொம்மைகள்போல் வெடுக்கென அசைவதனைக் கண்டு, அக்காலத்தார் திறனற்றவர் என்று நகைப்பார் உளர். இப்பிழை வீரருடையதன்று, கருவியினுடையது. கையாற் சுழற்றப்பட்ட அந்நாளைக் கருவி நொடிக்கு ஏறத்தாழ 16 படம் எடுத்தது. பின்வந்த கருவி நொடிக்கு 24 படம் காட்டியது. மூன்று நிமிடச் சுற்று ஒன்றிற்கு 2,880 படங்கள் எடுத்திருப்பின், அவை புதுக் கருவியில் இரண்டே நிமிடத்தில் ஓடி முடியும். நடையெல்லாம் ஓட்டமாகும், குத்தெல்லாம் கொத்துதலாகும். அற்றேல், உண்மை விரைவினைக் காணும் வழி யாது? ஒரு சுற்று மூன்று நிமிடம் என்பது விதியாதலின், மணி ஒலித்தது முதல் மீண்டும் ஒலிக்கும்வரை உள்ள படங்களை எண்ணி 180 ஆல் வகுப்பின், எடுத்த விரைவு விளங்கும். படம்பிடிப்பார் சுருளைச் சேமிக்க இடையிடையே நிறுத்தினரெனின் இக்கணக்குப் பொய்க்கும். அவ்விடத்து வீழும் உடலே கடிகாரமாகும். மூன்றடி உயரத்தினின்று தடையின்றி வீழும் பொருள் நிலம் சேர ஏறத்தாழ 0.43 நொடி ஆகும். மயங்கி வீழும் ஒருவனது உடலின் நடுப்பகுதி அதனினும் விரைந்து வீழ்தல் இயலாது. படத்தில் அங்ஙனம் வீழ்கின்றது எனின், படம் விரைவாக ஓட்டப்படுகின்றது என்பது தெளிவு. நிலவுலகின் ஈர்ப்பு நிறவேற்றுமை பாராட்டுவதில்லை. கணக்கிற்கு அதனைக் கொள்ளுதல் நன்று.

இனி, குத்தின் வன்மையைப் படத்திற் காணும் முறைக்கு வருவோம். நொடிக்கு 16 படம் எனின், இரு படங்களுக்கு இடையே நொடியின் பதினாறில் ஒரு பகுதி கழியும். ஓரடித் தொலைவினின்று பாயும் குத்து அதற்குள்ளேயே முடிந்துவிடக்கூடும். ஆதலின் ஒரு படத்திற் கை மார்பருகே நிற்கும். அடுத்த படத்தில் எதிரியின் தலை திரும்பியிருக்கும். இடைப்பட்ட குத்தோ சுருளில் இராது. மிகச் சிறந்த குத்து நெடுந்தொலைவு வீசுவதன்று, குறுந்தொலைவில் உடலின் முழுப் பொறையையும் கொண்டு செல்வது என்பர் இக்கலை வல்லார். அங்ஙனமாயின் மிக நல்ல குத்தே படத்தில் மிகவும் மறையும் என்பது பெறப்படும். பின்னைக் காலத்துப் படங்களும் இவ்வையத்தினின்று நீங்கினவல்ல. 1965 ஆம் ஆண்டு மே 25 ஆம் நாள் லூயிஸ்டன் நகரில் முகமது அலி சோனி லிஸ்டனை வீழ்த்திய குத்து அத்தகையது. படம் தெளிவாக இருந்தும், அக்குத்து வலியதா அன்றா என்னும் வழக்கு இன்றும் ஓய்ந்திலது.

ஆதலின் வல்ல சுவைஞர் குத்துபவன் கையை நோக்குவதோடு அமையார்; குத்துண்டவன் காலை நோக்குவர். முழங்கால் ஒரு கணம் மடிகின்றதா, பாதம் தட்டையாகப் படிகின்றதா, அதுகாறும் முன்வந்தவன் அதன்பின் முன்வரத் தயங்குகின்றானா என்பன அவர் தேடும் அடையாளங்கள். நம் புறநானூற்றில் 80 ஆம் பாட்டு ஈண்டு நினைவுக்கு வருகின்றது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததனைப் பாடிய சாத்தந்தையார், அரசனுடைய கால்கள் எவ்வெவ்விடத்து நின்றன என்பதனையே குறித்துச் சென்றார். போர் காண்பான் கண் செல்ல வேண்டிய இடம் அப்புலவர்க்குத் தெரிந்திருந்தது.

‘ரிங்’ என்னும் அமெரிக்கக் குத்துச்சண்டை இதழ் 2003 இல் எக்காலத்தும் சிறந்த வன்குத்தர் நூற்றுவர் வரிசையை வெளியிட்டது. முதலிடம் ஜோ லூயிஸ்; இரண்டாமிடம் சாம் லாங்போர்டு; மூன்றாமிடம் ஜிம்மி வைல்டு. இம்மூவருள் லூயிசுக்குப் படம் மிகுதி. ஏனை இருவரின் சிறந்த காலத்துப் போர்களைக் காட்டும் படம் மிகச் சில. அவர்களை அவ்விடங்களில் வைத்தார்க்குப் படம் அடிப்படையன்று. போர்க்குறிப்பும் எதிரிகளின் வாய்மொழியுமே அடிப்படை.

வைல்டு வேல்சு நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவரது எடைப்பிரிவின் எல்லை 112 பவுண்டு. அவரோ 108 பவுண்டும் நிரம்பாதவராய், தம்மினும் எடை மிக்காரை ஓயாது வீழ்த்தி, 1916 முதல் உலகப் பட்டம் தாங்கினார். இன்று பலரும் காணும் அவரது படம் 1923 ஜூன் 18 ஆம் நாள் நியூயார்க்கில் பிலிப்பைன் நாட்டுப் பாஞ்சோ வில்லாவிடம் 7 ஆம் சுற்றில் அவர் தோற்றது. அப்பொழுது அவர்க்கு அகவை 31. அதற்குமுன் ஈராண்டிற்கு மேலாகக் களம் இறங்காதிருந்தவர். தோல்விப் படத்தைக் கொண்டு அவரை அளப்பார், புலவர் ஒருவர் நோயுற்றுக் கிடந்து எழுதிய கடிதத்தைக் கொண்டு அவர் காப்பியத்தை மதிப்பிடுவாரை ஒப்பர்.

படம் இல்லாமையால் வரும் கேடு இது. படம் இருந்தும் வரும் கேடு ஒன்றுண்டு. சிக்காகோ நகரத்துப் பாப் சாட்டர்பீல்டு 1945 முதல் 1957 வரை பொருதவர், பருமனில் மிகாதவர், ஆயினும் பெருவீரரையும் ஒரே குத்தில் வீழ்த்த வல்லவர். பின்னாளில் வன்குத்தர் எனப் பேர்பெற்ற கிளீவ்லாந்து வில்லியம்சை 1954 இல் மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். அவர் தாடை வலியதன்று. அவர் வீழ்த்தியது எத்துணை விரைவோ அத்துணை விரைவில் வீழவும் செய்தார். அவர் காலம் தொலைக்காட்சிக் காலம். வாரந்தோறும் சண்டைகள் ஒளிபரப்பாயின. அவ்வொளித்திரையையே மீண்டும் படம்பிடித்து வைத்த சுருள்கள் சில எஞ்சின. 1954 ஜனவரி 13 ஆம் நாள் முன்னாட் பட்டவீரர் எசார்டு சார்ல்சு இரண்டாம் சுற்றில் அவரை வீழ்த்திய காட்சி அவற்றுள் ஒன்று. அக்காட்சி சார்ல்சின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்பக் காட்டப்பெறுகின்றது. சாட்டர்பீல்டு அதில் வீழ்தற்கென்றே பிறந்தவர்போல் தோன்றுகின்றார். எமது கருத்து, அக்காலத்து அவர் எடையொத்த வீரருள் ஒற்றைக் குத்தின் வன்மையில் அவர்க்கு மிக்கார் மிகச் சிலரே என்பதாம். அவர் 1977 இல் இறந்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1997 இல், லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் செய்தியாளர் ஒருவர், கலிபோர்னியத் தெருவில் வீடின்றித் திரிந்த முதியவர் ஒருவர் தம்மைச் சாட்டர்பீல்டு என்று கூறிக்கொண்டதனை ஆராய்ந்து, அவர் வேறொரு பழைய குத்துச்சண்டைக்காரர் எனக் கண்டு எழுதினார். முகமும் அசைவும் சுருளிற் பதிந்த ஒருவர் பெயரையும் பிறரொருவர் சுமந்து திரிய இயன்றது என்னே!

இவ்விடத்துப் படத்தொகுப்பாளர் ஜிம் ஜேக்கப்சின் கொள்கையைக் குறித்தல் கடன். பில் கேட்டனுடன் சேர்ந்து ஆயிரக்கணக்கான சண்டைப் படங்களைத் தேடிக் காத்த அவர்க்கு இத்துறையார் அனைவரும் கடப்பாடுடையர். அவர் படங்களை நோக்கியே, பழைய வீரர் பலரின் புகழ் மிகைப்பட்டது என்று வாதிட்டார். கிழவர் நினைவினும் சுருள் நம்பத்தக்கது என்பதில் யாமும் உடன்படுகின்றோம். ஆயின் சுருள் எவரை எடுத்தது, எவரை எடாது விட்டது என்னும் வினா அவ்வாதத்தில் இடம்பெறவில்லை. அவ்வினாவே லாங்போர்டு வரலாற்றின் உயிர்நிலை.

படம் எடுத்தல் பெரும்பொருட் செலவினது. உலகப் பட்டப் போருக்கே அச்செலவு கட்டுபடியாகும். எனவே பட்டப் போர் மறுக்கப்பெற்றவர் படமும் மறுக்கப்பெற்றவரானார். அக்காலத்துக் கறுப்பின வீரர் பலரின் நிலை இதுவே. 1908 டிசம்பர் 26 ஆம் நாள் சிட்னி நகரில் கறுப்பினத்தவரான ஜாக் ஜான்சன் டாமி பர்ன்சை வென்று பெரும்பருமர் பட்டம் பெற்றபொழுது, 14 ஆம் சுற்றிற் காவலர் தலையிட்டுப் போரை நிறுத்தினர். படமும் முடிவைக் காட்டாது அற்றுப்போகின்றது. 1910 ஜூலை 4 ஆம் நாள் ரீனோ நகரில் வெள்ளையர் நம்பிக்கையாயிருந்த ஜெப்ரீசை ஜான்சன் 15 ஆம் சுற்றில் வென்றார். நாடெங்கும் கலவரம் மூண்டு உயிர்கள் மாய்ந்தன. நகரந்தோறும் அப்படத்திற்குத் தடை எழுந்தது. 1912 ஜூலையில் அமெரிக்கப் பேரவை, சண்டைப் படங்களை ஒரு மாநிலத்தினின்று மற்றொரு மாநிலத்திற்குக் கொண்டு செல்லலாகாது என்று சட்டம் இயற்றியது. அச்சட்டம் 1940 வரை நின்றது. 28 ஆண்டுகள் சண்டைப் படம் கடத்தற்பொருளாயிருந்தது என்க. எடுத்தவற்றையும் காப்பார் அருகினர்.

சாம் லாங்போர்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். உயரம் ஏறத்தாழ ஐந்தடி ஏழு அங்குலம்; தோள் அகன்றவர்; கை நீண்டவர். 1903 டிசம்பரில், அந்நாளைய இலகு எடைப் பட்டவீரர் ஜோ கான்சைப் பட்டம் பணயமாகாத போரில் வென்றார். மறு ஆண்டு ஜோ வால்காட்டுடன் பொருது வெற்றி தோல்வியின்றி முடித்தார். அதன்பின் எடைப்பிரிவுகளைப் படிப்படியாகக் கடந்து பெரும்பருமரோடு பொருதார். கறுப்பின வீரர்க்கு வெள்ளையர் எதிர்நில்லாமையின், அவர்கள் தம்முள்ளேயே மீண்டும் மீண்டும் பொருதனர். ஜோ ஜெனட், சாம் மக்வே, ஹாரி வில்ஸ் ஆகியோருள் ஒவ்வொருவரோடும் லாங்போர்டு பத்து முறைக்கு மேற் களம் கண்டார். ஹாரி வில்ஸ் ஆறடிக்கு மேல் உயர்ந்தவர். 200 பவுண்டிற்கு மேல் எடையுள்ளவர். அவரை லாங்போர்டு 1914 நவம்பரில் 14 ஆம் சுற்றிலும், 1916 பிப்பிரவரியில் 19 ஆம் சுற்றிலும் வீழ்த்தினார். தம்மினும் அரையடி உயர்ந்த, இளைய வீரனைப் பதினெட்டுச் சுற்றுப் பொருது களைத்தபின் வீழ்த்துதற்கு வேண்டிய வன்மை எத்தன்மையது என்று எண்ணிப் பார்க்க. இதற்குப் படம் வேண்டா; குறிப்பே போதும்.

எனினும் குறிப்பையும் ஆராய்ந்தே கோடல் வேண்டும். 1906 ஏப்பிரல் 26 ஆம் நாள் மாசசூசெட்சில் லாங்போர்டும் ஜான்சனும் பதினைந்து சுற்றுப் பொருதனர்; ஜான்சன் ஏறத்தாழ 30 பவுண்டு மிக்கவர். அதில் லாங்போர்டு ஜான்சனை வீழ்த்தினார் என்னும் கதை நெடுங்காலம் வழங்கிற்று. அன்றைய செய்தித்தாள்களோ வீழ்ந்தவர் லாங்போர்டே என்றும், ஜான்சன் தெளிவாக வென்றார் என்றும் கூறுகின்றன. லாங்போர்டின் மேலாளர் உட்மன் தாமே அக்கதையைப் பரப்பியதனைப் பிற்காலத்து ஒப்புக்கொண்டார். மறுபோர் ஒன்றனைப் பெறுதற்குச் செய்த சூழ்ச்சி அது. படம் இல்லாத வெற்றிடத்தில் புனைவு குடிபுகுந்தது. லாங்போர்டின்பால் எமக்குள்ள மதிப்பு இக்கதையை விலக்குவதாற் குறைவதில்லை; இடைச்செருகலை நீக்கிய பின்னரும் நூல் நூலாகவே நிற்கின்றது.

ஜான்சன் பட்டம் பெற்றபின் லாங்போர்டுக்கு ஒருநாளும் வாய்ப்பளித்திலர். கறுப்பர் இருவர் பொருதால் பொருள் சேராது என்பது சொல்லப்பட்ட காரணம். பட்டம் தாங்கிய காலத்து ஜான்சன் எதிர்கொண்ட கறுப்பினத்தவர் 1913 இல் பாரிசிற் பொருத ஜிம் ஜான்சன் ஒருவரே. 1919 இல் பட்டம் பெற்ற ஜாக் டெம்சியும், தாம் இளைஞராயிருந்தபொழுது லாங்போர்டை எதிர்க்க அஞ்சி விலகியதனைத் தம் வரலாற்றில் ஒளியாது உரைத்துள்ளார். அஞ்சப்பெற்றவர்க்குப் பட்டம் இல்லை. 1917 இல் பிரெடு புல்டனோடு பொருதபின் லாங்போர்டின் ஒரு கண் பார்வை கெட்டது, மற்றதும் மங்கிவந்தது. அந்நிலையிலும் 1922 இல், நான்காண்டுகளிற் பட்டவீரராக வரவிருந்த டைகர் பிளவர்சை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். எதிரியின் உருவம் நிழலாகவே தெரிந்திருத்தல் வேண்டும். 1944 இல் செய்தியாளர் அல் லேனி அவரைத் தேடியபொழுது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிற் சிற்றறை ஒன்றில் கண்ணொளி இழந்து வறுமையில் இருந்தார். லேனியின் கட்டுரையைப் படித்தோர் பொருள் தொகுத்து அவர்க்கு உதவினர். 1955 இல் ‘ரிங்’ இதழின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பெற்றது. 1956 ஜனவரி 12 ஆம் நாள் மாசசூசெட்சின் கேம்பிரிட்ஜ் நகரில் இறந்தார்.

அவர் பொருத படங்களுள் எஞ்சிய மிகச் சிலவற்றுள் ஒன்று, 1910 மார்ச்சு 17 ஆம் நாள் கலிபோர்னியாவில் ஜிம் பிளின் என்னும் வெள்ளை வீரரை 8 ஆம் சுற்றில் வீழ்த்தியது. சுருள் தேய்ந்தது, உருவங்கள் மங்கியன. ஆயினும் விரைவைத் திருத்தி ஓட்டிக் காண்பார்க்கு, லாங்போர்டு ஓடியாடாமல் சிற்றடி வைத்து எதிரியின் மூச்சுப்படும் அணிமையில் நிற்பதும், முன்வந்தே பழகிய பிளினின் கால்கள் பின்செல்லத் தொடங்குவதும் புலப்படும். இதே பிளின்தான் 1912 ஜூலை 4 ஆம் நாள், நியூ மெக்சிகோ மாநிலத்து லாஸ் வேகாஸ் என்னும் ஊரில், ஜான்சனோடு உலகப் பட்டத்திற்குப் பொருதற்கு அழைக்கப்பெற்றவர். அப்போரும் படமாக்கப் பெற்றது. ஒன்பதாம் சுற்றிற் காவலர் நிறுத்தினர். இவ்விரு சுருள்களையும் அடுத்தடுத்து ஓட்டிக் காணுதல் இத்துறையிற் புகுவார்க்கு யாம் கூறும் முதற் பயிற்சி.